ஒரு மாலைக்கு ஒரு பாடலாசிரியர்: யாரைத் தெரிவு செய்வது?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் இவ்வருட ஆண்டு விழாவை ஒரே ஒரு திரைப்படப் பாடலாசிரியரின் பாடல்களால் ஆன இசை மாலையாக நடத்துவதென்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவானபோது, பெயரைத் தெரிவு செய்வது பத்து நிமிட வேலை என்றே எல்லோரும் எண்ணினோம். மூன்று கூட்டங்கள் கழிந்த பிறகும் பெயர் முடிவாகவில்லை. இசைக்குழுவோடு இரண்டரை மணித்தியாலத்துக்குப் பேசியிருக்கிறோம். அதற்குள் பதினெட்டுப் பாடல்களுக்கு மேல் பாட இயலாது என்று அவர்கள் முன்னமே சொல்லிவிட்டார்கள். மூவரை எடுத்து ஆளுக்கு ஆறாகப் பங்கு பிரித்தால் சண்டை தீரும் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் இது வழமையான இசைக் கச்சேரியாகிவிடும், ஒருவரையேனும் முழுதாகக் கேட்டுப் பார்ப்பது என்ற நோக்கம் போய்விடும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. ஆகவே, சலூனிலும் கோயில் வீதியிலும் தலைமுறை தலைமுறையாகத் தீராமல் இழுபடும் வழக்கை நாங்கள் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியதாயிற்று. தமிழ் படிப்பித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பை என் தலையில் வைத்தார்கள்.

முதலில் எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கூட்டங்களில் நடந்த வாக்குவாதத்தில் பாதி, கவிஞரையும் பாடலாசிரியரையும் ஒன்றாகக் குழைத்ததால் வந்தது. பாடலாசிரியர் எழுதுவது இன்னொருவர் போட்ட மெட்டுக்குள், மூன்றாமவர் ஒருவரின் குரலுக்காக, நான்காமவர் சொல்லும் கதையின் ஒரு கட்டத்துக்காக. மெட்டு நீளும் இடத்தில் நெடில் வந்து விழ வேண்டும். குறில் விழுந்தால் பாடுபவர் அதை இழுத்துச் சொல்லைக் கொன்றுவிடுவார். கேட்பவரின் கையில் புத்தகம் இல்லை, திரும்பிப் பார்க்க வரி இல்லை; ஒரு தடவை காதில் பட்டவுடன் பொருள் விளங்க வேண்டும். படம் ஓடி முடிந்து, நடிகர் மறைந்து, கதை மறந்துபோன பிறகும் அந்த வரி யாரோ ஒருவரின் வாயில் தானாக வர வேண்டும். மெட்டில் இருக்கை, ஒரு தடவை கேட்டதும் விளக்கம், படத்தைக் கடந்த ஆயுள் ஆகிய மூன்றையும் வைத்தே நான் பார்த்தேன். பாடல்களின் எண்ணிக்கையை அளவுகோலாக எடுக்கவில்லை. விருதுகளை இரண்டாம் பட்சமாக வைத்தேன்.

ஒரு தடவை கேட்டதும் விளங்குவதை நான் வலியுறுத்துவதற்குச் சொந்த அனுபவமும் காரணம். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு, பற்றரியும் தடைப்பட்ட பொருளாகிவிட்ட காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து றேடியோவுக்கோ ரேப் ரெக்கோடருக்கோ கொடுத்துப் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். வீட்டில் சிறியவன் ஒருவன் கையால் பெடலைச் சுற்றுவான். அவன் கை சோரும்போது ரி.எம். சௌந்தரராஜனின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் தாழ்ந்து, சுருதி கெட்டு, பிறகு யாராவது அதட்டியதும் மேலே ஏறி வரும். அந்த இறக்கத்தில் வாத்தியங்கள் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கரைந்துபோகும். அப்போதும் சில பாடல்களில் சொல் மட்டும் சேதப்படாமல் வந்து சேரும். சிலவற்றில் சொல்லும் சேர்ந்து அமிழ்ந்துவிடும். பாடலாசிரியர்களை ஒப்பிடுவதற்கு இதைவிடக் கடுமையான சோதனைக்கூடம் வேறெங்கும் இருந்திருக்காது.

கூட்டத்தில் முன்வைக்கப்பட்ட பெயர்கள் நான்கு: பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன், வாலி, வைரமுத்து. இளையவர்கள் நா. முத்துக்குமாரின் பெயரையும் சொன்னார்கள். 1975 இல் பிறந்து 2016 இல் மறைந்த அவர், 2013 இல் வந்த தங்க மீன்கள் படத்தின் ‘ஆனந்த யாழை மீட்டுகிறாய்’ பாடலுக்குத் தேசிய விருது பெற்றவர். ‘யாழ்’ என்ற சொல் எங்கள் ஊரில் பேருந்துப் பலகையிலும் கடைப் பெயரிலும் தேய்ந்து கிடக்க, அவர் அதை ஒரு தகப்பனின் மடியில் வைத்துப் புதிதாக ஒலிக்கச் செய்தார் என்பது உண்மைதான். ஆனால் படத்தைக் கடந்த ஆயுள் என்ற அளவுகோலை அவருடைய பாடல்களுக்கு வைக்க இன்னும் காலம் போதாது. இன்னொரு இருபது வருடம் கழித்து வேறொரு நிர்வாக சபை அவரை எடுத்துக்கொள்ளட்டும்.

பட்டுக்கோட்டையாரை முன்மொழிந்தவர் எங்கள் ஊரில் வெங்காயம் செய்யும் ஒருவர். அவருடைய வாதம் ஒரே வரியில் முடிந்தது. அறுவடை நேரத்தில் விலை விழுந்து, உரத்துக்கும் கூலிக்கும் கொடுத்தது போக மிஞ்சியது என்ன என்று கேட்டால், சுன்னாகம் சந்தையில் நிற்கும் எவரும் ‘காடு வெளைஞ்சென்ன மச்சான்’ என்று தொடங்குவார், மிச்சத்தைக் கேட்பவர் முடித்து வைப்பார் என்றார். 1958 இல் வந்த நாடோடி மன்னன் படத்தை அந்தச் சந்தையில் நிற்பவர்களில் பலர் பார்த்ததே இல்லை. ஒரு பாட்டு படத்தைக் கடந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

1930 இல் பிறந்து 1959 ஒக்டோபரில், இருபத்தொன்பது வயதில் மறைந்த ஒருவர் விட்டுப்போன பாடல்கள் இருநூறுக்குள் அடங்கும். அவற்றில் வீண் சொல் தேடினால் கிடைப்பது அரிது. ‘தூங்காதே தம்பி தூங்காதே’ என்று தொடங்கி அடுத்த வரியில் ‘வாங்காதே’ என்று எதுகை பிடிக்கும்போது, அந்த எதுகை அலங்காரத்துக்காக வரவில்லை. புத்தி சொல்லும் அண்ணன் விரலை ஆட்டுவதுபோல் தாளத்தில் விழுகிறது. டைனமோச் சோதனையில் முழுப் புள்ளி வாங்கியவர் அவர்தான். பெடல் எவ்வளவு சோர்ந்தாலும் ‘திருடாதே பாப்பா திருடாதே’ என்பதில் ஓர் எழுத்தும் நழுவாது. அவருடைய சொற்கள் வயலிலும் பட்டறையிலும் இருந்து வந்தவை. அவற்றுக்கு விளக்கவுரை தேவைப்படாது. ‘செய்யும் தொழிலே தெய்வம்’ என்ற வரியைத் திருத்தகங்களின் சுவரில் பார்க்கிறோம். எழுதியவர் யாரென்று கேட்டால் கராச்சில் யாருக்கும் தெரியாது, பழமொழி என்றே நினைக்கிறார்கள். ஒரு பாடலாசிரியருக்கு இது பெருமையா இழப்பா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

அவருக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்றுதான், ஆனால் அது சிறியதன்று. பதினெட்டுப் பாடல்களை ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டால், பெரும்பாலானவற்றில் ஒரே குரல் பேசுவது தெரிந்துவிடும். அது அறிவுரை சொல்லும் குரல். கல்யாணப் பரிசு படத்தின் காதல் பாடல்கள் அந்தக் குறையை ஓரளவு போக்குகின்றன. ‘உன்னைக் கண்டு நானாட’ என்ற ஒரே தீபாவளிப் பாட்டு, மகிழ்ச்சியில் ஒரு தடவையும் துக்கத்தில் ஒரு தடவையும் வரும்போது, இந்த மனிதர் இன்னும் முப்பது வருடம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது என்று தோன்றும். ஆனால் எழுதாத பாடல்களுக்குப் புள்ளி போட முடியாது.

வாலியின் விடயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கண்ணதாசன் அணியினர் கொடுத்த பட்டியலில் நாலாவதாக ‘கண் போன போக்கிலே கால் போகலாமா’ இருந்தது. 1965 இல் வந்த பணம் படைத்தவன் படத்துக்காக அதை எழுதியவர் வாலி என்று நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. தொலைபேசியில் தேடிப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். அது அவர்களுடைய தவறு மட்டுமன்று. அந்தக் காலத்தில் கடையில் பாட்டுப் பதிந்து வாங்கிய கசெற் அட்டைகள் இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன: நீல மையில் படத்தின் பெயர், பாடியவர் பெயர், சிலவற்றில் நடிகர் பெயர். எழுதியவர் பெயர் ஓர் அட்டையிலும் இல்லை. எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்றுதான் எங்கள் ஊர் பாடல்களைப் பிரித்து வைத்திருந்தது.

வாலியின் பலமும் பலவீனமும் அந்தக் குழப்பத்துக்குள்ளேயே இருக்கின்றன. மெட்டில் இருக்கை என்ற முதல் அளவுகோலில் அவருக்கு நிகர் இல்லை. 1965 இல் எங்க வீட்டுப் பிள்ளை படத்துக்கு ‘நான் ஆணையிட்டால்’ எழுதிய அதே கை, 1994 இல் காதலன் படத்துக்கு ‘முக்காலா முக்காபுலா’ எழுதியது. இடையில் இருப்பது இருபத்தொன்பது வருடம்; பட்டுக்கோட்டையாரின் முழு ஆயுள் அது. இவ்வளவு காலமும் இசையமைப்பாளர்கள் மாறினார்கள், தாளம் மாறியது, நாயகர்கள் மாறினார்கள். வாலி ஒவ்வொரு மெட்டுக்கும் அளவாகத் தைத்த சட்டைபோல் சொல் கொடுத்தார். ஆனால் தையற்காரரின் முகம் சட்டையில் தெரிவதில்லை. பதினெட்டு வாலி பாடல்களைக் கேட்டு முடித்தவர், பதினெட்டு நல்ல பாடல்களைக் கேட்டதாகச் சொல்வார். வாலியைக் கேட்டதாகச் சொல்வாரா என்பது சந்தேகம். மன்னன் படத்தின் ‘அம்மா என்றழைக்காத’ என்ற பாட்டுக்காக மட்டும் அவரைத் தெரிவு செய்யலாம் என்று ஒரு தாய் சொன்னார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தும் ஒரு பாட்டை வைத்து ஒரு மாலையை நடத்த இயலாது.

வைரமுத்துவைப் பற்றிப் பேசும்போது விருதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது சிரமம், ஏனெனில் தேசிய விருதை ஏழு தடவை பெற்றவர் அவர். 1980 இல் நிழல்கள் படத்தில் ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ வந்தபோது, திரைப்பாட்டுக்குள் அதுவரை இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது என்று எங்களுக்கு மூத்தவர்கள் சொல்வார்கள். வானம் நாணி வேறு உடை பூணுவதாக அந்தப் பாட்டில் அவர் காட்டும் அந்திநேரத்தை யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரம் நின்று பார்த்தவர்களுக்கு மிகைப்படுத்தல் என்று தோன்றாது. அவருக்கு முன் பாடல்கள் பெரும்பாலும் சொல்லின. அவர் காட்டத் தொடங்கினார். ரோஜா படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’ காட்சிக்குமேல் காட்சியாக அடுக்கிக்கொண்டே போவதை இதற்கு எடுத்துக்காட்டலாம்.

இந்தத் திறமையே சில இடங்களில் பாரமாகவும் ஆகிறது. உவமை உவமையின்மேல் ஏறும்போது, முதலாவது விளங்குவதற்குள் மூன்றாவது வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் அவருக்காக வைக்கப்படும் மிகப் பலமான வாதம் கன்னத்தில் முத்தமிட்டால் படத்தில் வரும் ‘விடை கொடு எங்கள் நாடே’. 2002 பெப்ரவரியில், போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான அதே மாதத்தில், அந்தப் படம் வெளிவந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று இரவு மழைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த சனத்தில் நானும் ஒருவன். ஆகவே அந்தப் பாட்டைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பனங்காட்டையும் கடலையும் வீட்டையும் அழைத்து விடைபெறும் அந்த வரிகள் அழகானவை. இன்றும் அதைக் கேட்டால் என் தங்கை எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆனால் அன்று இரவு நாங்கள் நாட்டிடம் விடைபெறவில்லை. அடையாள அட்டை எந்தப் பையில் இருக்கிறது, கிழவியை யார் சைக்கிளில் ஏற்றுவது, மாட்டை அவிழ்த்துவிட்டோமா இல்லையா என்பதே எங்கள் பேச்சாக இருந்தது. கடல் வாசல் தெளிக்கும் வீடு என்பது அக்கரையில் நின்று இரக்கத்தோடு பார்த்தவரின் வரி. பார்த்ததில் பிழை இல்லை, நின்ற இடம் வேறு. பட்டுக்கோட்டையாரின் ‘மச்சான்’ எங்களோடு வரம்பில் நிற்பதுபோல் அந்தப் பாட்டு எங்களோடு பாலத்தில் நிற்கவில்லை.

இனிக் கண்ணதாசன். 1927 இல் சிறுகூடல்பட்டியில் பிறந்து 1981 இல் மறைந்த அவருடைய எல்லாப் பாடல்களும் ஒரே தரமானவை என்று அவருடைய தீவிர இரசிகரும் சொல்ல மாட்டார். அவசரத்தில் எழுதியவை உண்டு. ஒரே ஆறுதலைப் பத்துப் படங்களுக்குச் சொன்னதும் உண்டு. உழைப்பைப் பற்றி அவர் எழுதியவை பட்டுக்கோட்டையாரின் நிழலிலும் நிற்காது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் தராசு அவர் பக்கம் சாய்வது ஏன் என்பதைச் சொல்ல வேண்டும்.

1961 இல் வந்த பாவ மன்னிப்பு படத்தில் ‘அத்தான் என்னத்தான்’ என்று ஒரு பாட்டு. சாதாரணப் பேச்சில் ‘தான்’ என்பது உறுதிக்காகச் சேர்க்கும் சொல். அதனை அவர் தயக்கத்துக்குப் பயன்படுத்துகிறார். ஒரு பெண் தன் தோழியிடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கி, ஒவ்வொரு சொல்லிலும் ‘த்தான்’ என்று தட்டி நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விடுகிறாள். மெட்டு நின்று நின்று போவதும் அவள் வெட்கமும் ஒன்றாகிவிடுகின்றன. சொல், மெட்டு, பாத்திரம் ஆகிய மூன்றும் பிரிக்க முடியாமல் ஒட்டிய இடம் அது. வாலியின் அளவு தையலும் அதில் உண்டு, தைத்தவரின் முகமும் உண்டு. பலே பாண்டியாவின் ‘அத்திக்காய் காய் காய்’ பாட்டில் காய்களின் பெயரெல்லாம் நிலவைக் ‘காய்’ என்று ஏவும் வினையாகப் புரள்வதைப் பாடமாக நடத்தியபோது, வகுப்பில் நித்திரை கொள்ளும் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

ஆயினும் என் முடிவுக்கு அடிப்படை வேறொரு பாட்டு. 1962 இல் வந்த பாத காணிக்கை படத்தின் ‘வீடு வரை உறவு’. பட்டினத்தார் பாடலைப் படித்தவர்களுக்கு அந்த வரிசை புதிதன்று. செல்வமும் வாழ்வும் வீட்டளவே, அழும் மனைவி வீதியளவே, மைந்தர் சுடுகாட்டளவே என்று பட்டினத்தார் சொல்லி, கடைசிவரை பற்றித் தொடர்வது இருவினையாகிய புண்ணிய பாவமுமே என்று முடிப்பார். கண்ணதாசன் அந்த வரிசையை அப்படியே எடுத்து, கடினமான சொற்களையெல்லாம் கழற்றி, நாலு சிறு வரிகளாக்கினார். அதற்கு மேல் ஒரு காரியம் செய்தார். பட்டினத்தார் விடை சொன்ன இடத்தில் அவர் ‘யாரோ’ என்று விட்டார். வினைக் கொள்கையில் நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர், வேதக்காரர், சைவர் எல்லோரும் அந்த ‘யாரோ’வுக்குள் தங்கள் விடையை வைத்துக்கொள்ளலாம். சித்தர் பாடலைத் திரைப்பாட்டாக மாற்றுவதற்கு வேண்டிய முழுக் கைவண்ணமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

எங்கள் ஊரில் அந்தப் பாட்டை விளக்கத் தேவையே இல்லை. செத்தவீட்டில் பாடை எழும்பும்போது பெண்கள் படலை தாண்டி ஒழுங்கை முகப்பு மட்டும் வந்து நின்றுவிடுவார்கள். அதற்கு அப்பால் ஆண்கள் மட்டுமே போவார்கள். என் மாமா செத்த அன்று மாமி அந்த முகப்பில் நின்றதையும், பறை தூரமாகிப்போன பிறகும் அவர் திரும்பாமல் நின்றதையும் பார்த்தபோது, ‘வீதி வரை மனைவி’ என்பது தத்துவம் என்று எனக்குப் படவில்லை. எங்கள் ஒழுங்கையின் நீளத்தை யாரோ அளந்து எழுதியதுபோல் இருந்தது. எழுதியவர் செட்டிநாட்டுக்காரர், எழுதியது ஒரு படத்துக்காக, பாடியது மதுரைக்காரர். இருந்தும் வைரமுத்துவின் விடைபெறும் பாட்டு எங்களைப் பற்றி எழுதப்பட்டும் சற்றுத் தள்ளி நிற்க, எங்களைப் பற்றி எழுதப்படாத இந்தப் பாட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

வாலியே இதற்கு ஒரு சாட்சி. சென்னையில் வாய்ப்பில்லாமல் ஊருக்குத் திரும்ப இருந்தவர், சுமைதாங்கி படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘மயக்கமா கலக்கமா’ பாட்டைக் கேட்டுத் தங்கிவிட்டதாகத் தாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். போட்டியாளரின் வாழ்க்கையைத் திருப்பிய பாட்டை எழுதியவரை அந்தப் போட்டியில் பின்தள்ளுவது சிரமம்.

எங்கள் மண்ணின் ஆட்களை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கண்ணதாசன் பிறந்த அதே 1927 இல் அளவெட்டியில் பிறந்தவர், மஹாகவி என்ற பெயரில் எழுதிய கவிஞர் உருத்திரமூர்த்தி. ‘சிறு நண்டு மணல் மீது படம் ஒன்று கீறும்’ என்ற அவருடைய வரியைவிடச் சிறந்த தொடக்கத்தைத் தமிழ்த் திரைப்பாட்டில் எனக்குக் காட்ட முடியாது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டுக்கோ மெட்டுப் போட ஒருவரும் தேவைப்படவில்லை. கூழ் காய்ச்சும் வீடுகளெல்லாம் அதைப் பாடும். எழுபதுகளின் பொப் பாடல்களில் ‘சின்ன மாமியே’ இன்றும் எந்தக் கலியாண வீட்டையும் எழுந்து ஆட வைக்கும். ஆனால் ஒருவரிடமிருந்து பதினெட்டுப் பாடல்கள் இசையோடு கிடைக்காது. எங்களிடம் எழுதும் ஆள் இல்லாமல் போகவில்லை; பாட்டை வருடந்தோறும் கேட்டு வாங்கும் படத்தொழில்தான் இங்கே நிலைக்கவில்லை. இந்த மூன்று வகையையும் சேர்த்து அடுத்த ஆண்டு ஒரு தனி மாலை நடத்த வேண்டும் என்று அறிக்கையின் அடியில் எழுதியிருக்கிறேன்.

ஆக, என் பரிந்துரை கண்ணதாசன். பட்டுக்கோட்டையாருக்கும் அவருக்கும் இடையில் உள்ள தூரம் மிகக் குறுகியது. காலை நிகழ்ச்சி என்றால், அதுவும் கமக்காரர் சங்கத்தின் நிகழ்ச்சி என்றால், நான் தயங்காமல் மற்றப் பெயரையே எழுதியிருப்பேன். நிர்வாக சபை ஏழுக்கு நாலாக இதை ஏற்றுக்கொண்டது. வெங்காயக்காரர் எதிர்த்து வாக்களித்தார். ஆனால் மேடைக்கு மின்விளக்கு தன்னுடைய செலவு என்றும் சொல்லிவிட்டார்.

பதினெட்டுப் பாடல்களின் பட்டியலை இசைக்குழுவுக்குக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘கண் போன போக்கிலே’ நீக்கப்பட்டு, அந்த இடத்துக்கு ஆண்டவன் கட்டளையின் ‘ஆறு மனமே ஆறு’ வந்திருக்கிறது. இந்த முடிவுக்கே காரணமாயிருந்த ‘வீடு வரை உறவு’ பட்டியலில் இல்லை. நிலையத்துக்குப் பின் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டில், செத்தவீட்டுக்குப் பிந்திய அந்தியேட்டிக் கிரியை இன்னும் முடியவில்லை. ஒலிபெருக்கியின் சத்தம் அந்தப் படலைக்குக் கேட்கும்.